நல்லூர்த் திருவிழாவும் கேள்வி விதியும்

வணக்கம் ஐயா,

நான் உயர்தரத்தில் வணிகப் பிரிவு படிக்கிறேன். கணக்கீடும் வணிகக் கல்வியும் பரவாயில்லை, பொருளியல்தான் பிடிபடவில்லை. விலை கூடினால் மக்கள் வாங்கும் அளவு குறையும் என்று கேள்வி (demand) விதி சொல்கிறது. ஆனால் நல்லூர்க் கந்தன் திருவிழா நாட்களில் கத்தரிக்காய், பயிற்றங்காய் எல்லாம் விலை ஏறுகிறது. சனமும் வழக்கத்தை விடக் கூடத்தான் வாங்குகிறது. எங்கள் அம்மாவும் அப்படித்தான். அப்போ விதி பிழையா? வகுப்பில் கேட்டபோது, "இதெல்லாம் சோதினைக்கு வராது, வரைபடத்தைப் பாடமாக்கு" என்றார்கள். பாடமாக்கிவிட்டேன், விளங்கத்தான் இல்லை. நுண்பாகப் பொருளியலின் அடிப்படையை எங்கிருந்து தொடங்கிப் படிப்பது?

உயர்தர மாணவி, மானிப்பாய்

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். சந்தையில் கண்ணால் கண்டதையும் புத்தகத்தில் படித்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். பொருளியல் படிக்கிறவருக்கு முதலில் வேண்டியது அதுதான். அதைப் பாடமாக்கச் சொல்லி அடக்கியது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

விதி பிழையில்லை. நீங்கள் பார்த்ததும் பிழையில்லை. விதியின் முன்னால் இரண்டு சொற்கள் இருக்கின்றன: "ஏனையவை மாறாதிருக்க". அனேகமானோர் அதை ஒரு சடங்குபோல ஒப்புவித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். திருவிழாவின் இருபத்தைந்து நாளும் அந்த "ஏனையவை" மாறிவிடுகின்றன. கிழமைக்கு மூன்று நாள் மீன் சமைத்த வீடு சைவத்துக்கு வந்துவிடுகிறது. போன மாதம் விற்ற அதே விலைக்கே இப்போது கூடுதலான கத்தரிக்காய் வேண்டும். ஒரு வீடு அப்படி மாறினால் சந்தைக்குத் தெரியாது. குடாநாட்டில் பாதிச் சனம் மாறினால், எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கேள்வி வளையி முழுவதுமே வலப்பக்கம் நகர்ந்துவிடும். விலை ஏறியது அதனால்தான். விலை ஏறியதால் சனம் கூட வாங்கவில்லை, சனம் கூடக் கேட்டதால் விலை ஏறியது.

சரி, அப்படியென்றால் விதி எங்கே போனது? அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். "ரெண்டு கிலோ எடுக்கத்தான் போனனான், விலையைக் கேட்டிட்டு ஒண்டரையோட வந்திட்டன்" என்று சொன்னால், அந்தக் குறைந்த அரைக் கிலோவில் விதி இருக்கிறது. ஒண்டரைக் கிலோ வழக்கத்தை விடக் கூடத்தான். ஆனால் விலை ஏறாமல் இருந்திருந்தால் இரண்டு கிலோ வந்திருக்கும். பாடப்புத்தகத்தில் "கேள்வி மாற்றம்", "கேள்வித் தொகை மாற்றம்" என்று இரண்டு தலைப்புகள் இருக்கும். சைவத்துக்கு மாறியது முதலாவது, அரைக் கிலோவைக் குறைத்தது இரண்டாவது.

அதே நாட்களில் ஒரு காலை பாசையூருக்கோ குருநகருக்கோ போய், மீன் ஏலம் கூறுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மீன் வழக்கம்போலத்தான் கரைக்கு வருகிறது, கேட்க ஆள் குறைவு. மரக்கறியின் வளையி வலப்பக்கம் போன அதே காரணத்தால் மீனின் வளையி இடப்பக்கம் வந்திருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று பிரதியீடு என்பதைக் கண்ணால் காண இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கவனம் வேண்டும். சோளகம் பலமாக வீசிப் படகுகள் தொழிலுக்குப் போகாவிட்டால் நிரம்பலும், அதாவது விற்க வருகிற அளவும், குறைந்துவிடும், விலை நீங்கள் எதிர்பார்த்த அளவுக்கு இறங்காது. இரண்டும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் எது எதனால் என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வரைபடத்திலிருந்து வேண்டாம். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது எங்களிடம் மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில்தான் கிடைக்கும். அம்மம்மா ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுத் திரி போட்டுத் தருவா. நாங்கள் படித்தது அந்த வெளிச்சத்தில். கையில் ஒரு போத்தல் எண்ணெய்தான் என்றால் அது விளக்குக்கு. இரண்டாவது கிடைத்தால் அவசரச் சமையலுக்கு, மண்ணெண்ணெய்க் குக்கருக்கு. மூன்றாவதும் கிடைத்தால் மாமாவின் மோட்டார் சைக்கிளுக்கு. அப்போது மண்ணெண்ணெயில்தான் ஓடியது. விலை ஏற ஏற முதலில் மோட்டார் சைக்கிள் நின்றது. பிறகு குக்கர் மூலைக்குப் போனது, பனமட்டையும் கொக்காரையும் அடுப்புக்கு வந்தன. விளக்கு மட்டும் அணையவில்லை.

இதைக் கொப்பியில் எழுதுங்கள். மலிந்த விலையில் மூன்று போத்தல், நடு விலையில் இரண்டு, உச்ச விலையில் ஒன்று. மூன்று புள்ளிகளையும் இணைத்தால் இடமிருந்து வலமாகச் சரிகிற கேள்வி வளையி. அது ஏன் சரிகிறது என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டாம்: ஒவ்வொரு மேலதிகப் போத்தலும் முந்தியதைவிட அவசரம் குறைந்த தேவைக்குப் போகிறது. எல்லைப் பயன்பாடு குறைந்துசெல்வது என்பது இவ்வளவுதான். விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்கிற நெகிழ்ச்சியும் இதற்குள்ளேயே இருக்கிறது. விளக்குக்கு மாற்று இல்லை, அதனால் விலை ஏறியும் வாங்கினோம். சவர்க்காரத்துக்குப் பனம்பழம் இருந்தது, உடுப்புத் தோய்க்க அதை எடுத்தோம்.

தண்ணீர் இல்லாமல் உயிர் இல்லை, வைரம் இல்லாமல் வாழலாம், பிறகேன் வைரத்துக்கு விலை அதிகம் என்று 1776இல் அடம் ஸ்மித் கேட்டார். திருப்தியான பதில் 1870களில் ஜெவன்ஸ், மெங்கர், வல்ராஸ் ஆகிய பொருளியலாளர்களிடமிருந்து வந்தது: விலையைத் தீர்மானிப்பது மொத்தப் பயன் இல்லை, கடைசி அலகின் பயன். கோண்டாவிலில் கிணற்றுத் தண்ணீரை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. தீவுப்பகுதியில் தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்குக் காத்திருக்கிறார்கள். அதே தண்ணீர்தான்.

நிரம்பலுக்கு வெங்காயத்தைப் பிடியுங்கள். 1970களின் முற்பகுதியில் வெங்காயமும் மிளகாயும் வெளியிலிருந்து வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தலையெடுத்த காலம் அது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதி நிரம்பலைக் கூட்டியது, விலை விழுந்தது. செம்மண் தோட்டத்தில் வெங்காயம் வைப்பவரிடம் செலவைக் கேட்டால் விதை, உரம், கூலி என்று சொல்வார். அதே நிலத்தில் புகையிலை வைத்திருந்தால் வந்திருக்கக்கூடிய வருமானமும் செலவுதான். கைவிட்ட அந்த வருமானம்தான் அமையச் செலவு. அது முதல் அத்தியாயத்தோடு முடிந்துவிட்டதென்று நினைக்காதீர்கள், கடைசிவரை கூட வரும்.

விலைக் கட்டுப்பாட்டுக்கு 2021 செப்டெம்பரைப் பாருங்கள். அரிசிக்கு உச்ச விலையை வர்த்தமானியில் விதித்தார்கள், அந்த மாதம் முடிவதற்குள் நீக்கிவிட்டார்கள். கேட்கிற அளவும் விற்க வருகிற அளவும் ஒன்றாகிற சமநிலை விலைக்குக் கீழே உச்ச விலை வைத்தால் கேட்கிற அளவு கூடி, விற்க வருகிற அளவு குறையும். மிச்சத்தை நீங்களே வரைந்து பாருங்கள்.

ஒரு சின்னக் குறிப்பு. இந்தியத் தமிழ்ப் புத்தகங்களும் வாசிப்பீர்கள் என்றால் அங்கே கேள்விக்குத் "தேவை" என்றும் நிரம்பலுக்கு "அளிப்பு" என்றும் இருக்கும். குழம்ப வேண்டாம்.

இந்த வருடம் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முதலே திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் கத்தரிக்காய், பயிற்றங்காய், பூசணி விலையை எழுதத் தொடங்குங்கள். திருவிழா முடிந்து ஒரு கிழமைவரை எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு மீனின் விலையையும், அன்றைக்குக் காற்று எப்படி, மழை பெய்ததா என்பதையும் குறித்து வையுங்கள். அம்மா எவ்வளவு வாங்கினா என்பதற்கும் ஒரு நிரல் போடுங்கள். முடிந்ததும் கொப்பியைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், இருவரும் சேர்ந்து வரைந்து பார்ப்போம்.

அன்புடன்