டீச்சரிடம் கேளுங்கள்: கணக்கும் இயற்பியலும்

(செங்கோட்டையில் ப்ளஸ் டூ இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.)

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் ப்ளஸ் டூ, தமிழ் மீடியம். அப்பா புளியரை ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறார். கார்த்திகை, மார்கழி முழுக்க ஐயப்ப சாமிகள் வண்டி வந்துகொண்டே இருந்ததால் நானும் கடையில் நிற்க வேண்டியதாகிவிட்டது. அரையாண்டில் கணக்கு 90க்கு 31, இயற்பியல் 70க்கு 22. மகரவிளக்கு முடிந்துவிட்டது, இனி படிக்க நேரம் இருக்கிறது. எந்தப் பாடத்தை விட்டுவிட்டு எதைப் படித்தால் மார்க் கூடும்? இரண்டு விடைத்தாளையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
பெயர் வேண்டாம், புளியரை

பதில்: ஜெராக்ஸ் அனுப்பினாயே, நல்ல காரியம் செய்தாய் தம்பி. ‘எப்படிப் படிப்பது’ என்று மொட்டையாக வரும் கடிதங்களுக்கு நானும் பொதுப்படையாகத்தான் எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

எதை விடலாம் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வை. உன் இயற்பியல் தாளில் தெரியாமல் விட்ட மார்க்கை விட, தெரிந்து எழுதியும் கோட்டைவிட்ட மார்க்தான் என் கண்ணில் பட்டது. 4 ஓம், 6 ஓம் பக்க இணைப்புக் கணக்கைப் பார். சூத்திரம் சரி. 1/4 + 1/6 = 5/12, அதுவும் சரி. அதோடு ‘R = 5/12 ஓம்’ என்று அடியில் கோடு போட்டுவிட்டாய். நீ கண்டுபிடித்தது 1/R. தலைகீழாக்கினால் 12/5, அதாவது 2.4 ஓம். இதை நீயே பிடித்திருக்கலாம். இரண்டு மின்தடைகளைப் பக்க இணைப்பில் போட்டால் விடை சின்னதை விடக் குறையும், ஆனால் சின்னதில் பாதிக்குக் கீழே போகவே போகாது. 4இல் பாதி 2. உன் விடையோ அரை ஓம் கூட இல்லை!

அடுத்த பக்கத்தில் 5893 ஆங்ஸ்ட்ராமை மீட்டராக மாற்றும்போது 10⁻⁹ போட்டிருக்கிறாய். அது நானோவுக்கு. ஆங்ஸ்ட்ராமுக்கு 10⁻¹⁰. கணக்குத் தாளில் நேர்மாறு அணி: இணைக்காரணிகளில் இரண்டு இடத்தில் குறி தப்பு, அதனால் கீழே எழுதிய ஒரு பக்கமும் வீண். இதில் ப்ளஸ் டூ பாடம் எங்கே இருக்கிறது சொல்லு? பின்னம், மைனஸ் குறி, அடுக்கு. எல்லாம் எட்டாம் வகுப்புச் சமாச்சாரம். உன் இயற்பியல் மார்க்கைப் பாதி தின்றதும் இதுதான்.

அதனால் முதல் பத்து நாள் காலையில் அரை மணி நேரம் இதை மட்டும் போடு. பழைய எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் பக்கத்து வீட்டில் கிடைக்கும். வெட்கப்படாதே. மைக்ரோ 10⁻⁶, நானோ 10⁻⁹, பிக்கோ 10⁻¹² என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. நேர்மாறு அணி கண்டுபிடித்ததும் அதை மூல அணியோடு பெருக்கி, முதல் நிரையில் 1, 0, 0 வருகிறதா என்று பார். வராவிட்டால் குறியைத் தேடு.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கணக்கில் 12ஆம் பாடமான தனிநிலைக் கணிதத்துக்குப் பழைய அஸ்திவாரம் அவ்வளவாக வேண்டாம். மெய் அட்டவணை போடப் பொறுமை இருந்தால் போதும். அதோடு அணிகள், கலப்பு எண்கள், நிகழ்தகவு பரவல்கள், இந்த வரிசையில் போ. தொகை நுண்கணிதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இயற்பியலில் ஒரு மார்க் 15 கேள்வி. இரண்டு மார்க்கில் ஒன்பதுக்கு ஆறு, மூன்று மார்க்கிலும் ஒன்பதுக்கு ஆறு, ஐந்து மார்க்கில் ‘அல்லது’ போட்டு ஐந்து. 24ஆம் கேள்வியும் 33ஆம் கேள்வியும் கட்டாயம், வழக்கமாகக் கணக்காகத்தான் இருக்கும். நீ இரண்டையும் வெற்றாக விட்டிருக்கிறாய். தரவு, சூத்திரம், பிரதியிடல், அலகோடு விடை என்று நான்கு வரி எழுதப் பழகு. விடை வராவிட்டாலும் சூத்திரம் வரைக்கும் எழுது.

தருவித்தல்களைப் படித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு முதலில் படத்தைப் போடு. மின் இருமுனைப் படத்தில் நீ அம்புக்குறியே போடவில்லை. அம்பு இல்லாமல் எந்தக் கூறு எதை நீக்குகிறது என்று உனக்கே எப்படித் தெரியும்?

செய்முறைக்கு 20 மார்க் இருக்கிறது, லேபுக்கு மட்டம் போடாதே. ஒரு மார்க் கேள்விகளைக் கல்லாவில் உட்கார்ந்தும் படிக்கலாம். தருவித்தலுக்கு மட்டும் கடைக்குள் இடம் இல்லை என்று அப்பாவிடம் சொல். கேட்காவிட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டு.

கேள்வி: என் மகள் இங்கே கேரளாவில் தமிழ் மீடியத்தில் பத்தாவது படிக்கிறாள். கணக்கிலும் பிசிக்ஸிலும் டி பிளஸ்தான் வருகிறது. பொள்ளாச்சியில் கைடு வாங்கிக் கொடுத்தேன், அவள் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. அந்தப் பக்கமே டியூஷனுக்கும் அனுப்பலாமா அக்கா?
ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஒத்துவராது தங்கச்சி. மொழி ஒன்றுதான், பாடத்திட்டம் வேறு. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் அறிவியல் முழுக்க ஒரே தாள். உங்கள் எஸ்.எஸ்.எல்.சி.யில் பிசிக்ஸ் தனித்தாள், 40 மார்க், ஒன்றரை மணி நேரம். கணக்கு 80 மார்க், இரண்டரை மணி நேரம். கைடைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடுங்கள்.

பரீட்சை தொடங்கும்போது வினாத்தாளைப் படித்துப் பார்க்கக் கொடுக்கும் 15 நிமிஷ கூல் ஆஃப் டைமில் பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உங்கள் மகள் அந்த நேரத்தில் எதை முதலில் எழுதுவது என்று முடிவு செய்துகொள்ளட்டும். அங்கே ஒரே கேள்விக்குள் அ, ஆ, இ என்று படிப்படியாகக் கேட்பார்கள். ‘இ’யைப் பார்த்துப் பயந்து கேள்வியையே விட்டுவிடுவதுதான் சுமாராகப் படிக்கும் பிள்ளைகளின் வழக்கம். ‘அ’ பெரும்பாலும் நேரடியாக இருக்கும், அதை எழுதினாலே மார்க் உண்டு. பழைய தமிழ் வினாத்தாள்களைப் பள்ளியில் கேட்டு வாங்கி, ‘அ’வை மட்டும் வரிசையாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ‘ஆ’.

டியூஷன் எந்தப் பக்கம் என்பது பெரிய விஷயமில்லை. அவர் உங்கள் புத்தகத்தைக் கையில் வைத்து நடத்துவாரா என்று கேளுங்கள். போன வருஷம் பாஸ் ஆன பிள்ளை யாராவது தெருவில் இருந்தால் அதுவே போதும். இப்போதைக்கு 50 சதவீதத்தைத் தொடும் சி பிளஸ்ஸுக்குக் குறி வையுங்கள். ஏ பிளஸ் பேச்சை வீட்டில் எடுக்க வேண்டாம்.

கேள்வி: கணக்கை மனப்பாடம் பண்ணிப் பாஸ் ஆகலாமா?
ப்ளஸ் டூ மாணவி, கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: பாஸ் வேண்டுமானால் ஆகலாம் கண்ணு. எண்ணை மாற்றிக் கேட்டால் மாட்டிக்கொள்வாய். எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டு முடித்ததும் எண்ணை மாற்றி நீயே ஒன்று போட்டுப் பார். விடை கோணல்மாணலாக வரும், வரட்டும். புத்தகத்தில் அந்த எண்ணை ஏன் வைத்தார்கள் என்று அப்போதுதான் பிடிபடும். வகையிடல், தொகையிடல் சூத்திரங்களை மட்டும் தாராளமாக மனப்பாடம் பண்ணு.