டிவி சாட்டிலைட்டின் ஆயுள்: வடசென்னை வாசகர்களின் கேள்வி-பதில்

ஸ்ரீஹரிகோட்டாவில் விடும் ராக்கெட் எங்கள் மொட்டை மாடியிலேயே தெரிகிறது. டிவி சாட்டிலைட்டெல்லாம் அதில்தான் போகிறதா? (எண்ணூர்)

சில போயிருக்கின்றன. 2007 செப்டம்பரில் இன்சாட்-4சிஆர் அங்கிருந்துதான் கிளம்பியது. அதற்கு முந்தைய வருஷம் கிளம்பிய இன்சாட்-4சி, ராக்கெட் கோளாறால் வங்கக் கடலில் விழுந்தது. மூன்று டன் எடையைத் தூக்கும் ராக்கெட் அப்போது நம்மிடம் இல்லை. அதனால் பெரிய சாட்டிலைட்டுகள் தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான்-5 என்ற ஐரோப்பிய ராக்கெட்டில் போயின.

ஆயுள் 12 வருஷம், 15 வருஷம் என்கிறார்களே, அதற்குள் என்ன கெட்டுப்போகும்? (தண்டையார்பேட்டை)

பெரும்பாலும் கருவிகள் நன்றாகத்தான் இருக்கும், எரிபொருள்தான் தீர்ந்துவிடும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமி சுழலும் அதே வேகத்துக்குச் சுற்றுவதால், சாட்டிலைட் நமக்கு ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிகிறது. ஆனால் சூரியனும் நிலாவும் அதை விடாமல் இழுக்கின்றன. சும்மா விட்டால் அதன் பாதை வருஷத்துக்கு ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகச் சாய்ந்துகொண்டே போகும். நம் டிஷ்ஷோ சுவரில் போல்ட் போட்டு முடுக்கியது, திரும்பித் தேடாது. அதனால் கர்நாடகத்தில் ஹாசனில் உள்ள இஸ்ரோ நிலையத்திலிருந்து அவ்வப்போது சாட்டிலைட்டின் சிறு எஞ்சின்களை இயக்கி, பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு முறையும் டேங்க் குறையும்.

இன்சாட்-4பியை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 மார்ச்சில் 12 வருஷக் கணக்கில் போனது. 2010 ஜூலையில் மின்சாரக் கோளாறு வந்து, டிரான்ஸ்பாண்டர்களில் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகளில்) பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. அன்று சன் டைரக்ட் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்படியும் மீதியை வைத்துக்கொண்டு உழைத்தது. 2022 ஜனவரியில், மிச்சம் பிடித்த எரிபொருளால் அதைச் சுமார் 340 கிலோமீட்டர் மேலே தள்ளிவிட்டு அணைத்தார்கள்.

கடைசிச் சொட்டு வரை சேனல் ஓட்டியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. செத்த சாட்டிலைட் அந்தப் பாதையிலேயே மிதந்தால் பக்கத்தில் உள்ளவற்றுக்கு ஆபத்து. இன்சாட்-4பி இருந்த அதே 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலேதான் இன்று டிடி ஃப்ரீ டிஷ் தரும் ஜிசாட்-15 இருக்கிறது. இடத்தைக் காலி செய்து கொடுப்பதும் சாட்டிலைட்டின் வேலைதான்.

மார்ச் மாதம் வெயில் அடிக்கும்போதே சில நிமிஷம் படம் போய்விடுகிறது. ஏன்? (பெரம்பூர்)

சூரியன் சரியாகச் சாட்டிலைட்டுக்குப் பின்னால் வருகிறது. அதன் ரேடியோ இரைச்சலில் சிக்னல் அமுங்கிவிடும். சென்னையில் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் இப்படி இருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.

மழை வந்தால் டிஷ் நின்றுவிடுகிறது, கேபிள் மட்டும் ஓடுகிறதே? (வியாசர்பாடி)

டிடிஎச், அதாவது வீட்டு டிஷ், பயன்படுத்தும் கேயு-பேண்ட் என்ற குறுகிய அலைகளைக் கனமழை விழுங்கிவிடும். கேபிள்காரர்களின் பெரிய டிஷ்கள் பெரும்பாலும் அதைவிட நீண்ட சி-பேண்ட் அலைகளில் வாங்குகின்றன. அதை மழை அவ்வளவாகப் பாதிக்காது.

டிஷ் போட்டு இரண்டு வருஷம்தான், அதற்குள் சிக்னல் குறைகிறது. சாட்டிலைட் பழசாகிவிட்டதா? (காசிமேடு)

இல்லை, கடல் காற்று உங்கள் டிஷ்ஷைத் தின்கிறது. செட் டாப் பாக்ஸின் சுவிட்சை அணைத்துவிட்டு, எல்என்பியில் (டிஷ்ஷுக்கு முன்னால் கம்பியில் நிற்கும் சிக்னல் வாங்கியில்) மாட்டியிருக்கும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி கறுத்தோ, பச்சை பூத்தோ இருக்கும். நல்ல செம்பு தெரியும் வரை வயரை வெட்டி, புது கனெக்டர் போட்டு, மேலே ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். வயர் எல்என்பியிலிருந்து கொஞ்சம் கீழே தொங்கி அப்புறம் மேலே ஏறட்டும், தண்ணீர் உள்ளே இறங்காது. அப்படியே டிஷ் போல்ட்டுகளையும் பாருங்கள். துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால், டிஷ் இரண்டு டிகிரி சாய்ந்தாலே படம் போய்விடும். துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டாக வாங்கிப் போடுங்கள்.