சுருள்பாசியின் நீலம் எங்கே போகிறது?

கேள்வி: மாடியில் தொட்டி அமைத்துச் சுருள்பாசி (ஸ்பைருலினா) வளர்க்கிறேன். வெயிலில் காயவைத்த பொடியைத் தண்ணீரில் ஊறவைத்துத் துணியில் வடிகட்டினால், நீலம் இறங்காமல் மங்கிய பச்சையே வருகிறது. எங்கே தவறு? எங்கள் ஊர் உப்பளப் பாத்திகள் சிவப்பதற்கும் பாசிதான் காரணமா?
– வாசகி ஒருவர், தூத்துக்குடி

பதில்: தவறு காயவைப்பதிலேயே தொடங்கிவிடுகிறது. நீங்கள் தேடும் நீலம் ஃபைகோசயனின் என்னும் புரதம் என்பதால், சுமார் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே குலையத் தொடங்கும். கடும் வெளிச்சமும் சேர்ந்தால் நிறமே போய்விடும். பச்சையம் தண்ணீரில் கரையாது. துணியின் இழைகளுக்கிடையே நழுவி வந்த செல் துணுக்குகளே உங்களுக்குப் பச்சையாகத் தெரிகின்றன.

அறுவடை செய்த பாசியைச் சோடா உப்பு போக அலசிப் பிழிந்து, காயவைக்காமல் ஃப்ரீசரில் உறையவையுங்கள். உருகவிட்டு மீண்டும் உறையவைத்தால், பனிப்படிகங்கள் செல்சுவரைக் கிழித்துவிடும். பிறகு, அமில காரத்தன்மை (pH) 7ஐ ஒட்டிய பாஸ்பேட் தாங்கல் கரைசலில் (அந்த அளவு மாறாமல் காக்கும் கரைசல்) கலந்து, ஓர் இரவு ஃப்ரிட்ஜில் இருட்டில் வைத்து, பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றிக் கசடை அடியில் படியவைக்கும் கருவி) சுழற்றித் தரக் கேளுங்கள். மேலே தெளியும் நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெயிலுக்கு எதிரே பிடித்தால் நீலமாகவும், வெளிச்சம் விழும் பக்கமிருந்து பார்த்தால் செந்நிறம் ஒளிர்வதாகவும் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. அந்தச் செவ்வொளிர்வு, நிறமி குலையாமல் இருப்பதன் அடையாளம். தூய்மையை அளக்க, இந்த நீலம் உறிஞ்சும் 620 நானோமீட்டர் ஒளியின் உட்கவர்வை, புரதங்கள் பொதுவாக உறிஞ்சும் 280 நானோமீட்டர் ஒளியின் உட்கவர்வால் வகுப்பார்கள்; விடை 0.7ஐ எட்டினால் உணவுத் தரம், 4ஐத் தாண்டினால் ஆய்வுத் தரம். ஆய்வக ரசாயனத்தில் எடுத்ததை மட்டும் தயவுசெய்து உணவில் சேர்க்க வேண்டாம்.

தொட்டியையும் கவனியுங்கள். நைட்ரேட் தீர்ந்துபோனால், பாசி தன் நீலப் புரதத்தையே தழைச்சத்துக்காகச் சிதைத்துத் தின்று வெளிறிவிடும். உச்சி வெயிலிலும் நீலம் குறையும் என்பதால் நிழல்வலை கட்டுவது நல்லது.

உப்பளச் சிவப்புக்கு, உப்பை விரும்பும் நுண்ணுயிர்களோடு டுனாலியெல்லா என்னும் நுண்பாசியும் காரணம். பிரான்சின் மோன்பெலியே பகுதி உப்பளங்களில் 1838இல் இதைக் கண்ட பிரெஞ்சுத் தாவரவியலாளர் துனாலின் பெயரே 1905இல் இதற்குச் சூட்டப்பட்டது. சுருள்பாசிக்கு நேர்மாறாக, கடும் வெயிலும் மிகுந்த உப்பும் தழைச்சத்துப் பஞ்சமும் வாட்டும்போதுதான் இது பீட்டா கரோட்டின் என்னும் நிறமியைச் சேர்த்துக்கொண்டு ஆரஞ்சு நிறமாகிறது. உறுதியான செல்சுவர் இல்லாததால் இதை உடைப்பது எளிது. ஆனால் பீட்டா கரோட்டின் தண்ணீரில் கரையாது என்பதால், பிரித்தெடுக்கத் தாவர எண்ணெய் போன்ற கரைப்பான் வேண்டும்.