புகை மணக் கரமல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சீனி உருகாமல் மணல் மணலாகத் திரண்டுவிடுகிறது. (கொக்குவில்)

கரமல் சோஸுக்குச் சீனியை உருக்கும்போது கரண்டி போட்டுக் கிளறியிருப்பீர்கள். கிளறாதீர்கள், தாச்சியைத் தூக்கிச் சுழற்றுங்கள். தொடக்கத்திலேயே நாலைந்து துளி தேசிக்காய்ப் புளி விட்டால் கட்டிபடாது.

புகை மணம் வர, சீனியை எவ்வளவு நேரம் கருக்க வேண்டும்? (சுன்னாகம்)

கருக்கவே கூடாது! எத்தனை தரம் எழுதிவிட்டேன். கருகல் வேறு, புகை வேறு. கருகினால் கசப்புத்தான் மிஞ்சும். சீனி 170 பாகை செல்சியஸ் அளவில் தேன் நிறத்துக்கு வரும். அது செம்பழுப்பாகும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள், தாச்சியின் சூட்டில் இன்னும் கொஞ்சம் கறுக்கும். வெண்ணெயும் கிறீமும் சேர்த்து, சோஸ் இளஞ்சூட்டுக்கு வந்த பிறகுதான் புகை போட வேண்டும். புகை மணத்தைப் பிடித்து வைப்பது அந்தக் கொழுப்புத்தான்.

ஒரு சிரட்டைத் துண்டை முற்றத்தில் வைத்து எரியுங்கள். சுவாலை அடங்கி, தணலின் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கும் வரை பொறுங்கள். அதைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து, சோஸ் உள்ள சட்டியின் நடுவில் வையுங்கள். தணலில் அரைத் தேக்கரண்டி நெய் விட்டதும் ‘சுர்’ரென்று புகை எழும்பும். உடனே மூடிவிடுங்கள். 5 நிமிடம் போதும், 10 நிமிடம் விட்டால் கரி நாற்றம் அடிக்கும். தணல் மூட்ட மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். அந்த மணம் சோஸில் ஏறினால் போகாது, முழுவதையும் கொட்டத்தான் வேண்டும்.

சீனிக்குப் பதில் பனங்கட்டி போடலாமா? (மானிப்பாய்)

முழுவதுமாக வேண்டாம். பனங்கட்டி ஏற்கனவே கருப்பணியை, அதாவது பனையின் இனிப்புச் சாற்றை, காய்ச்சி எடுத்தது. தனியே உருக்கினால் சட்டென்று அடிப்பிடிக்கும். சீனியில் கரமல் செய்து, கிறீம் விட்டு, அடுப்பை அணைத்த பிறகு ஒரு குட்டான் (சின்னப் பனையோலைப் பெட்டி) பனங்கட்டியில் பாதியைச் சீவிப் போடுங்கள். விறகடுப்பில் காய்ச்சிய பனங்கட்டி என்றால் அதிலேயே மெல்லிய புகை மணம் இருக்கும். அப்புறம், மறக்காமல் வடிகட்டுங்கள்.

கிறீமுக்குப் பதில் தேங்காய்ப்பால்? (பருத்தித்துறை)

விடலாம், முதற்பால் மட்டும். கொதிக்கவிட்டால் திரியும். குளிர்சாதனப் பெட்டியில் 3, 4 நாள்தான் தாங்கும்.

செய்தேன், சரிவரவில்லை. என்ன பிழை? (நல்லூர்)

தங்கச்சி, என்ன போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள் என்று ஒரு சொல்லும் எழுதாமல் கேட்டால் நான் எப்படிச் சொல்வது? கல்லாக இறுகியதா, தண்ணீராக ஓடியதா? இறுகியிருந்தால் இரண்டு மேசைக்கரண்டி சுடுபால் விட்டு மெல்லிய நெருப்பில் இளக்குங்கள். ஓடினால் ஆறவிடுங்கள், தடிக்கும். அடுத்த முறை அளவோடு எழுதுங்கள்.

கிறீம் விட்டதும் பொங்கிக் கையில் தெறித்துவிட்டது. (சாவகச்சேரி)

குளிர்ந்த கிறீமை விட்டிருப்பீர்கள். அதைச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். சட்டி, சீனியின் அளவைப்போல் நாலு மடங்கு பெரிதாக இருக்கட்டும். முகத்தை விலக்கி நில்லுங்கள். பிள்ளைகளைக் குசினிக்குள் விடாதீர்கள், இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். பாகு பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கையைப் பிடியுங்கள். நெய்யோ பற்பசையோ பூசாதீர்கள். கொப்புளம் பெரிதென்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எந்த உப்பு? (கரவெட்டி)

கல்லுப்பைப் பொடித்து, கால் தேக்கரண்டி. கடைசியில் போடுங்கள்.