லப்டொப் விலைக்கு ட்ரம்ப் பொறுப்பா? வாங்குவோர் கேள்வி பதில்

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் புது ஹுவாவி போன் வாங்கினேன். "கூகுள் எல்லாம் வேலை செய்யும் மிஸ்" என்று திறந்து காட்டித்தான் தந்தார்கள். இரண்டு கிழமையில் யூடியூப் நின்றுவிட்டது, வங்கி அப் உள்ளே விடவில்லை. போய்க் கேட்டால், "அது அமெரிக்காக்காரன் செய்த வேலை" என்கிறார்கள்.
ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: அமெரிக்காக்காரன் அந்த வேலையைச் செய்தது 2019 மே மாதம். கடைக்காரர் உங்களுக்கு விற்றது இப்போது. போன் விற்றே பிழைக்கிற ஒருவருக்கு இத்தனை வருடமாக அந்தச் செய்தி வந்து சேரவில்லை என்றால் நான் நம்பமாட்டேன்.

அந்த மே மாதம் அமெரிக்க வர்த்தகத் திணைக்களம் ஹுவாவியைத் தடைப் பட்டியலில் போட்டது. அதன் பிறகு வந்த புது மொடல்களுக்குக் கூகுள் தன் சேவைகளைக் கொடுக்க முடியாமல் போனது. 2019 மார்ச்சில் வந்த பி30இல் கூகுள் இருந்தது, செப்டெம்பரில் வந்த மேட் 30இல் இல்லை. கடையில் உங்களுக்குக் காட்டியது அநேகமாக வேறு யாரோ செய்த ஒரு குறுக்குவழி அப். அது இன்றைக்கு ஓடும், நாளைக்குப் படுக்கும். வங்கி அப் அதை நம்பாது, நம்பவும் கூடாது.

போனில் பிழை இல்லை மிஸ், சொன்ன பொய்தான் பிழை. பில்லோடு போய்க் காசைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள், முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கடைக்காரர் வட்ஸ்அப்பில் ஏதாவது எழுதியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: புறக்கோட்டையில் போன் எடுக்கப் போகிறேன். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவான போனா என்று எப்படிப் பார்ப்பது?
மாணவன், மருதானை

பதில்: *#06# அடித்தால் 15 இலக்கம் வரும். ஐ.எம்.இ.ஐ. என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைப் போட்டு 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள் தம்பி. காசு கொடுக்க முன்.

கேள்வி: மகளின் உயர்தரப் படிப்புக்கு லப்டொப் பார்த்து வைத்திருந்தேன். காசோடு போன அன்று 30,000 கூடிவிட்டது. "ட்ரம்ப் வரி போட்டுவிட்டார்" என்கிறார் முதலாளி. உண்மையா?
தகப்பன், வத்தளை

பதில்: ட்ரம்ப் வரி போட்டது உண்மை. உங்கள் லப்டொப்புக்கு இல்லை. 2025 ஏப்ரலில் அவர் அறிவித்த 44 வீதம், இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் சாமான்களுக்கு. பிறகு அது 30 ஆகி, ஓகஸ்டில் 20 ஆனது. நம் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் வயிற்றில் புளியைக் கரைத்த எண்கள் அவை. சீனாவில் பூட்டி, கப்பலேறி, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய லப்டொப் அமெரிக்கச் சுங்கத்தை எட்டியும் பார்த்திருக்காது.

டொலர் ஏறினால் விலை ஏறும், அது நியாயம். நம் 18 வீத வற் வரியும் விலைக்குள் இருக்கிறது. ஆனால் அது 2024 ஜனவரியிலேயே வந்துவிட்டது, நீங்கள் காசோடு போன அன்று வரவில்லை. அதே மொடல் இலக்கத்தைத் துண்டில் எழுதிக்கொண்டு யுனிட்டி பிளாசாவில் நான்கு கடை ஏறி இறங்குங்கள். ட்ரம்ப் எந்தக் கடையில் மட்டும் இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: பேஸ்புக்கில் மைக்ரோசொப்ட் ஒபிஸைத் திறக்கும் "ஆயுட்கால" கீ 2,500 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா?
கணக்காளர், தெஹிவளை

பதில்: வேண்டாம். நான் வாங்கினேன். ஏழு மாதத்தில் ஆயுள் முடிந்தது.

கேள்வி: சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன் அண்ணா. படம் திருத்தும் அடோபி மென்பொருளுக்கு மாதாமாதம் கட்டுகிறேன். நான்காம் மாதம் நிறுத்தப் போனால் அபராதம் கேட்கிறது. மாதக் கட்டணம் என்று நினைத்துத்தானே சேர்ந்தேன்?
அல்பம் செய்பவர், கொட்டாஞ்சேனை

பதில்: நீங்கள் சேர்ந்தது வருட ஒப்பந்தத்தில். காசை மட்டும் மாதத் தவணையாக எடுக்கிறார்கள். முதல் 14 நாள் தாண்டி நிறுத்தினால், மீதி மாதங்களுக்குரிய தொகையில் பாதியைக் கேட்பார்கள். இதை வாடிக்கையாளரின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள் என்று அமெரிக்க அரசே 2024 ஜூனில் அடோபி மீது வழக்குப் போட்டது. ஆகவே வெட்கப்படாதீர்கள், ஊரே ஏமாந்த இடத்தில்தான் நீங்களும் ஏமாந்திருக்கிறீர்கள்.

இதைத் தொட்டுவிட்டீர்கள், நான் கொஞ்சம் கொட்டித் தீர்க்கிறேன். அவசரம் உள்ளவர்கள் அடுத்த கேள்விக்குத் தாண்டலாம்.

முன்பு மென்பொருளைப் பெட்டியில் விற்றார்கள். 2012இல் வந்த அடோபி சி.எஸ்.6 பெட்டியை வைத்து இன்றைக்கும் கலியாண அல்பம் செய்கிற ஒருவரை எனக்குத் தெரியும். சி.டி. உறையைப் பொலித்தீன் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறார், காணி உறுதி மாதிரி. 2013இல் அடோபி பெட்டி வேண்டாம், இனி வாடகைதான் என்றது. வாடகை என்றால் வீட்டுக்காரர் நல்லவராய் இருந்தால் மட்டும் போதாது. அவருடைய அரசாங்கம் நம் அரசாங்கத்தோடு கோபித்துக்கொள்ளாமலும் இருக்க வேண்டும்.

2019 ஒக்டோபரில் வெனிசுவேலாவில் இதுதான் நடந்தது. அமெரிக்கத் தடை உத்தரவைக் காட்டி, அந்த நாட்டுக் கணக்குகளை எல்லாம் மூடப் போகிறோம், கட்டிய காசும் திரும்பாது என்றது அடோபி. பிறகு காசைத் தருகிறோம் என்றார்கள், அனுமதி கிடைத்ததும் சேவையையும் விட்டுவைத்தார்கள். ஆனால் அந்தச் சில கிழமை அங்கே ஸ்டூடியோ வைத்திருந்தவருக்கு நித்திரை வந்திருக்குமா? அவர் யாருக்கு என்ன செய்தார்? 2025 ஜூலையில் இந்தியாவின் நயாரா எனர்ஜிக்கு வந்ததும் அதே கதை. தடை போட்டது ஐரோப்பா, மின்னஞ்சலைப் பூட்டியது அமெரிக்க மைக்ரோசொப்ட், டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடியது காசு கட்டி வைத்திருந்த கம்பனி. வழக்குப் போட்ட பிறகுதான் திறந்துவிட்டார்கள். ஒரு எண்ணெய்க் கம்பனிக்கு வழக்கறிஞர் வைக்க வசதி உண்டு. கொட்டாஞ்சேனை ஸ்டூடியோவுக்கு?

ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு சுமார் 30,000 கணினிகளை மைக்ரோசொப்ட் ஒபிஸிலிருந்து இலவச லிப்ரே ஒபிஸுக்கு மாற்ற முடிவெடுத்ததை இங்கே சிலர் கஞ்சத்தனம் என்று சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, உங்கள் விஷயம். அபராதத்தையும் மீதித் தவணையையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பாருங்கள். வேலை இருந்தால் வருடத்தை முடித்துவிடுவதே நல்லது, முடியும் தேதியைச் சுவர்க் கலண்டரில் வட்டமிடுங்கள், இல்லாவிட்டால் தானாகப் புதுப்பித்துவிடும். முடித்த அல்பங்களை ஜேபெக், டிஃப் படக் கோப்புகளாகவும் சொந்த ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அடோபிக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய அஃபினிட்டி மென்பொருள் 2025 ஒக்டோபரிலிருந்து இலவசம், பழகிப் பாருங்கள். அதற்கும் அதன் சொந்தக்காரரான கன்வா கம்பனியில் கணக்கு ஒன்று கேட்கிறது. எங்கே போனாலும் ஒரு சாவி அவர்கள் கையில்தான்.

கேள்வி: பம்பலப்பிட்டியில் பாவித்த லப்டொப் 68,000க்கு எடுத்தேன். விண்டோஸ் 11 இருக்கு என்றார்கள், இருந்தது. இப்போது மகன், "இது ஏழாம் தலைமுறை, 11க்கு ஆகாது" என்கிறான். மழை வந்ததால் திறந்து பார்க்காமல் அவசரமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பில்லும் இல்லை.
வாசகர், கொழும்பு 13

பதில்: மழை. சரி. கத்தரிக்காய் வாங்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பீர்கள் அல்லவா? பில் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கேட்க வேண்டியது நீங்கள்.

மகன் சொல்வது சரி. புரொசசரின் பெயர் ஐ5-7200 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் அந்த 7தான் தலைமுறை. இன்டெல் புரொசசர்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசொப்ட் 11ஐ ஏற்கிறது. உங்களுடையதில் சோதனையைத் தாண்டி ஏற்றியிருக்கிறார்கள். ஓடும், ஆனால் அப்டேட் வரும் என்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14இல் வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் போடச் சொல்லுங்கள், உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த முறை அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: புடவைக் கடையில் ஹிக்விஷன் கெமரா பூட்டியிருக்கிறேன். அமெரிக்கா தடை செய்த சீனக் கெமரா, கழற்றி எறி என்கிறார் மச்சான்.
வியாபாரி, புறக்கோட்டை

பதில்: 2022 நவம்பரில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் ஹிக்விஷனின் புதிய கருவிகளுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தியது. அது அவர்கள் நாட்டுச் சந்தைக்கு. உங்கள் கடையில் யார் எந்தச் சேலையை எடுத்துப் பார்த்தார்கள் என்பதில் பீஜிங்குக்கு என்ன அக்கறை? பக்கத்துத் தெருக் கள்ளனைப் பற்றி யோசியுங்கள். பதிவு கடையில் உள்ள பெட்டியிலேயே இருக்கட்டும், இணையத்தில் திறந்து விடாதீர்கள்.

என் வீட்டுப் பல்கனியிலும் ஒன்று இருக்கிறது. படம் எல்லாம் கம்பனியின் சேர்வருக்குப் போகும் வகை. எந்த நாடும் தடை போடவில்லை, கம்பனி தானாகவே சேர்வரை மூடிவிட்டது. 14,000 ரூபாய். இப்போது காகம் உட்காருகிறது.

பூட்ட வந்த பையன் போட்டுவிட்டுப் போன கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள். புதியது சரியா என்று கேட்டு எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். போன மாதம் மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள்.