விமர்சகர்களைப் படித்து என்ன பயன்? கதையை நேராகப் படித்தால் போதாதா?

நீங்கள் கேட்டதில் இரண்டு பகுதி இருக்கிறது. படைப்பை நேராகப் படித்தால் போதாதா, நடுவில் விமர்சகர் எதற்கு என்பது ஒன்று. தமிழில் வாழ்க்கை, கலை, சமூகம் பற்றி யோசிக்க வைத்த விமர்சகர்கள் யார், எங்கே தொடங்கலாம் என்பது இன்னொன்று.

முதலாவதற்குச் சுருக்கமான பதில்: போதும். ஒரு விமர்சனக் கட்டுரைகூடப் படிக்காத அருமையான வாசகர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஒரு நாவல் புரியவில்லையே என்று நான் விமர்சகரிடம் போவது அபூர்வம். நாவலை மூடி வைத்த பிறகு, அதைச் சுற்றி இருக்கிற வாழ்க்கை ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்வி வரும்போதுதான் போகிறேன். இந்தக் கேள்வியைத் தமிழில் பிடிவாதமாகக் கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள், பெரும்பாலும் சிறுபத்திரிகைகளில், அதாவது குறைந்த பிரதிகளில் வந்த இலக்கிய இதழ்களில். ஒருவர் சொன்னதை இன்னொருவர் கடுமையாக மறுத்தார். எனக்கு அந்த மறுப்புகள்தான் முக்கியம்.

க.நா. சுப்ரமண்யத்திலிருந்து (க.நா.சு.) ஆரம்பிக்கிறேன், அவர்மேல்தான் பலருக்கும் கோபம். பட்டியல் போடுவார். இவர்கள் நல்ல எழுத்தாளர்கள், மற்றவர்கள் இல்லை. ஏன் என்று கேட்டால், படித்துப் பாருங்கள் என்பதுதான் கிட்டத்தட்ட அவருடைய பதில். வார இதழ்த் தொடர்கதைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், அந்தப் பெயர்களை ஒதுக்கிவிட்டு சிறுகதை எழுத்தாளர் மௌனியையும், 'நாகம்மாள்' எழுதிய ஆர். சண்முகசுந்தரத்தையும் முன்னால் வைத்தார். நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலை அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். விளக்கம் சொல்லாத விமர்சனம் சோம்பேறித்தனம் என்று அவரைத் திட்டியவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் அவர் சுட்டிக்காட்டிய பெயர்களில் பலவற்றை இன்றைக்கும் நாம் படிக்கிறோம். ஆயிரம் பேருக்குப் பிடித்தது தனக்குப் பிடிக்காமல் போனால் அதற்காகக் கூச்சப்பட வேண்டாம் என்ற துணிச்சலை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சி.சு. செல்லப்பா நேர் எதிர். 'வாடிவாசல்' எழுதியவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்த 'எழுத்து' பத்திரிகை விமர்சனத்துக்காகவே ஆரம்பிக்கப்பட்டது என்பது அவ்வளவாகத் தெரியாது. ஒரு கதையை எடுத்தால் வரி வரியாகப் பிரித்து அலசுவார். உண்மையைச் சொன்னால், படிக்க அலுப்பாக இருக்கும். ஆனால் நன்றாக இருக்கிறது என்றால் எந்த வரியில் என்று காட்டு என்கிற அந்தக் கறார்த்தனம் தமிழுக்கு அப்போது தேவைப்பட்டது. ஒரு வேடிக்கையும் நடந்தது. விமர்சனம் படைப்பைக் கொன்றுவிடும் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்களே, அவர்கள் கவனிக்க வேண்டியது: விமர்சனத்துக்கென்று வந்த அந்தப் பத்திரிகையில்தான் தமிழ்ப் புதுக்கவிதை தழைத்தது. அதில் வந்த கவிதைகளைத் திரட்டி 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வெளியானது.

இந்த இருவரும் முதன்மையாக இலக்கியத்தோடு நின்றவர்கள். நீங்கள் கேட்டிருக்கும் வாழ்க்கை, கலை, சமூகம் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் பேசியவர்கள் என்றால் எனக்கு இரண்டு பேர்: வெங்கட் சாமிநாதனும் (வெ.சா.) க. கைலாசபதியும். இருவரும் 1933இல் பிறந்தவர்கள். வெ.சா. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்காரர், கைலாசபதி கோலாலம்பூரில் பிறந்த ஈழத்தமிழர். இருவருக்கும் ஆகவே ஆகாது.

வெ.சா. பதின்வயதிலேயே வேலைக்காக ஒடிசாவின் ஹிராகுட் அணைப் பக்கம் போய்விட்டார். பிறகு பல ஆண்டுகள் டெல்லி. அங்கே வங்காளத் திரைப்படங்கள், ஓவியம், நாடகம், இசை எல்லாவற்றையும் பார்த்தும் கேட்டும் பழகியவர், தூரத்தில் நின்று தமிழ்நாட்டைப் பார்த்தார். 1960 வாக்கில் 'எழுத்து'வில் எழுத வந்தபோது அவர் போட்ட குண்டு இதுதான்: தமிழில் நல்ல நாவல் இல்லை, நல்ல சினிமா இல்லை என்று தனித்தனியாகப் புலம்பிப் பயனில்லை. எழுத்தாளனுக்கு ஓவியம் தெரியாது, ஓவியனுக்கு இலக்கியம் தெரியாது, இருவருக்கும் தங்கள் ஊர்க் கூத்து தெரியாது. ஒரு கலையில் வறட்சி என்றால் அது எல்லாக் கலைகளுக்கும் அடியில் இருக்கிற வாழ்க்கையின் வறட்சி. அவருடைய 'பாலையும் வாழையும்' தொகுப்பு முழுக்க இந்த ஆதங்கம்தான்.

படித்தவுடனே எனக்கு எரிச்சல் வந்தது. என்ன இது, ஒரு சமூகத்தையே மொத்தமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாரே என்று. அப்புறம் கோயில்களுக்குப் போகும்போதெல்லாம் அவர் கூடவே வர ஆரம்பித்தார். நூற்றாண்டுகள் பழைய சுவரோவியத்தின் மேல் திருப்பணி என்று சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். சிற்பங்களைச் சுத்தம் செய்கிறேன் என்று மணலை வீசியடித்து முகத்தை மழுங்கடித்திருப்பார்கள். செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, பக்தியோடு செய்தவர்கள். அந்தச் சுவரில் பார்ப்பதற்கு ஏதோ இருக்கிறது என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். வெ.சா. சொன்ன கண்ணின் வறட்சி எனக்கு இங்கேதான் பிடிபட்டது. நாவலைப் பற்றிய சண்டையில் ஆரம்பித்த ஒரு கட்டுரை என்னைச் சுவரைப் பார்க்க வைத்தது. விமர்சனத்துக்கு இதைவிட வேறென்ன பயன் வேண்டும்?

தெருக்கூத்தைப் பற்றி அவர் எழுதியதையும் சொல்ல வேண்டும். படித்த நகரத்துக்காரர்கள் பலருக்கு அது கிராமத்துப் பொழுதுபோக்காகத் தெரிந்த காலத்தில், நவீன நாடகம் தேடுகிற வீரியம் அங்கே உயிரோடு இருக்கிறது என்று சொன்னார். வறட்சி, வறட்சி என்று கத்தியவர்தான் ஈரம் எங்கே இருக்கிறது என்றும் காட்டினார்.

அவருடைய குறை, காரணம் தேடும் இடத்தில் இருக்கிறது. வறட்சி என்கிறார், சரி. ஏன் வந்தது? அந்த இடத்தில் மனோபாவம், பண்பாடு, ஈடுபாடின்மை என்று சுற்றிச் சுற்றி வருகிறார். யாருக்கு ஓவியம் பார்க்க நேரம் இருந்தது, யாருக்கு அந்தக் கோயிலுக்குள் போகவே அனுமதி இருந்தது என்ற பக்கம் அவர் பார்வை அதிகம் திரும்பவில்லை.

அந்தப் பக்கம் பார்த்தவர் கைலாசபதி. பர்மிங்காமில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்ட அறிஞர். இலங்கையில் தினகரன் நாளிதழின் ஆசிரியராக இருந்தார், பிறகு பேராசிரியர். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர். மார்க்சியர். 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) நூலில் அவர் கேட்டது: நாவல் என்ற வடிவம் ஏன் அப்போது வந்தது, அதற்கு முன்னால் ஏன் வரவில்லை? அச்சு, ஆங்கிலக் கல்வி, புதிய நடுத்தர வர்க்கம், தனிமனிதன் என்ற எண்ணம், இவை சேராமல் நாவல் இல்லை என்பது அவர் வாதம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப், அதாவது கீழமை நீதிபதி. 1885இல் இலங்கையில் 'அசன்பேயுடைய கதை' எழுதிய சித்திலெப்பை வழக்கறிஞர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர் பட்டதாரி. அ. மாதவையா உப்பு இலாகா அதிகாரி. ஒரு விவசாயி இல்லை, ஒரு நெசவாளி இல்லை, ஒரு பெண் இல்லை. அந்தக் கதைகளில் இவ்வளவு புத்திமதி ஏன் கொட்டிக்கிடக்கிறது என்று எரிச்சல்பட்டிருப்பீர்கள். நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் அதிகார நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் குரல் அது என்று தெரிந்தால் பாதி விளங்கிவிடும். எழுதியவரின் திறமைக் குறைவு என்று மட்டும் அதைப் பார்க்க எனக்கு இப்போது முடிவதில்லை.

ஆனால் கைலாசபதியிடம் கதை கதையாக இருப்பது குறைவு. ஒரு நாவல் எந்த வர்க்கத்தின் குரல் என்று கண்டுபிடித்த பிறகு, அதில் வரும் ஒரு கிழவியின் பேச்சு ஏன் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது என்பதற்கு அவரிடம் பதில் கிடைக்காது. அவருடைய 'தமிழ் நாவல் இலக்கியம்' நூலுக்கு வெ.சா. எழுதிய எதிர்ப்புக் கட்டுரையின் தலைப்பே 'மார்க்சின் கல்லறையிலிருந்து ஒரு குரல்'. தலைப்பைப் பார்த்தாலே சூடு தெரியும். யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள். கைலாசபதியைப் படித்தால் இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. வெ.சா.வைப் படித்தால் வந்த கலை உயிரோடு இருக்கிறதா என்று தெரிகிறது. ஒருவரை மட்டும் படித்தவர்களிடம் பேசினால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம், எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருப்பார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் பிறகு வந்த ராஜ் கௌதமனைத் தனியாகச் சொல்ல வேண்டும் (2024இல் காலமானார்). 1993இல் 'தலித் பண்பாடு' எழுதியவர். இவ்வளவு நேரம் நாம் தமிழ்ப் பண்பாடு, தமிழ் வாழ்க்கை என்று பேசிக்கொண்டிருந்தோமே, அது யாருடையது என்று அவர் கேட்டார். அறம், ஒழுக்கம், கற்பு என்று பழைய நூல்கள் புகழ்கிற இடத்தில் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டினார். எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் புதுமைப்பித்தனையும் விடவில்லை. ஆனால் அவர் எழுத்தில் கசப்பைவிடக் கிண்டல் அதிகம். தன் சொந்த வாழ்க்கையை நாவலாக எழுதியபோதும் முதலில் தன்னைத்தான் கேலி செய்துகொண்டார். பெரிய விஷயம் பேசும் விமர்சகர்களிடம் எனக்குக் குறையாகத் தோன்றுவது இந்தச் சிரிப்பு இல்லாததுதான். வெ.சா. கோபப்படுவார், கைலாசபதி பாடம் நடத்துவார், சிரிக்க மாட்டார்கள்.

எங்கே தொடங்குவது? கட்டுரைத் தொகுப்பை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம், இரண்டாவது கட்டுரையில் தூங்கிவிடுவீர்கள். முதலில் பழைய நாவல் ஒன்றைப் படியுங்கள், 'கமலாம்பாள் சரித்திரம்' நல்ல தேர்வு. பிறகு க.நா.சு.வின் 'முதல் ஐந்து தமிழ் நாவல்கள்', அதற்குப் பிறகு கைலாசபதி. அவருடைய நூல்கள் பலவும் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கைலாசபதி சொல்வதெல்லாம் சரி என்று தலையாட்டத் தொடங்கும்போது வெ.சா.வை எடுங்கள். கடைசிக் காலத்தில் அவர் திண்ணை, சொல்வனம் போன்ற இணைய இதழ்களில் நிறைய எழுதியிருக்கிறார், தேடினால் கிடைக்கும். ராஜ் கௌதமனுக்குப் போகுமுன் புதுமைப்பித்தன் கதைகளில் பத்துப் பதினைந்தாவது படித்திருந்தால் நல்லது. செல்லப்பாவை அவசரப்பட்டு எடுக்காதீர்கள், அவருக்குப் பொறுமை வேண்டும்.