பட்டறை பதில்கள்: வண்டி நிற்கும் இடம் தெரிந்தது, அடுத்து என்ன?

வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் காட்டும் டிராக்கர் கருவி பற்றிப் போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டன. ஹாரன் சத்தம், ஏசி வாடை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லில் லாரிக்கும் காருக்கும் வயரிங் செய்து பிழைப்பவன் நான், வக்கீல் இல்லை. சட்டம் வருகிற இடங்களில் வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறோம். பாத்திரம் ஏற்றும் எங்கள் ஈக்கோ வேன் விடியற்காலையில் வாசலிலிருந்து காணாமல் போனது. புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். போட்டாயிற்று. மறுநாள் டிராக்கர் ஆப்பில், ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு தோப்பு ஓரம் வண்டி நிற்பதாகக் காட்டியது. என் கணவரும் கொழுந்தனாரும் மாற்றுச் சாவியோடு போனார்கள். அங்கே யாரும் இல்லை, ஓட்டி வந்துவிட்டார்கள். இப்போது வண்டியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். எங்கள் வண்டியை நாங்களே எடுத்ததில் என்ன தப்பு? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: சொந்த வண்டியை எடுத்து வந்ததற்காக யாரும் உங்களைத் திருடர் என்று சொல்லப் போவதில்லை, அம்மா. ஆனாலும் ஸ்டேஷனில் சொல்வதைக் கேளுங்கள். உங்களை அலைக்கழிப்பதற்காக அவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

எப்.ஐ.ஆர். பதிவானதுமே உங்கள் வேன் போலீஸ் கணக்கில் திருட்டு வண்டி ஆகிவிட்டது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 'வாகன் சமன்வய்' என்று நாடு முழுவதற்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அதில் நம்பரைப் போட்டுப் பார்ப்பது உண்டு. வழக்கை அப்படியே விட்டுவிட்டு வண்டியை மட்டும் ஓட்டினால், என்றைக்காவது ஒரு வாகனச் சோதனையில் உங்கள் டிரைவர் திருட்டு வண்டியோடு பிடிபட்டவராக நிற்பார். வேனை விற்கப் போனாலும் இது குறுக்கே வரும்.

அதனால் விசாரணை அதிகாரியைக் கூப்பிட்டு, வண்டி எந்த இடத்தில், எப்போது, யார் கையில் கிடைத்தது என்று எழுதிக் கொடுங்கள். அவர்கள் மகஜர் (எதை எங்கே எடுத்தோம் என்று சாட்சிகளோடு எழுதும் பத்திரம்) போட்டுக் கைப்பற்றி, மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத் தெரிவிப்பார்கள். வண்டியைத் திருப்பிக் கேட்டு அங்கே மனு போட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் இதற்கு 497, 503 ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. கோர்ட் முன் வந்த பொருளின் விவரத்தை 14 நாளுக்குள் எழுதி, போட்டோ அல்லது வீடியோ எடுத்து வைத்து, அதிலிருந்து 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும் என்று 497 சொல்கிறது. வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. வேன்தான் உங்கள் பிழைப்பு, முகூர்த்த மாதம் வருகிறது என்பதை மனுவில் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார் நகல்கள் தயாராக இருக்கட்டும். பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். கோர்ட் கேட்கும்போது கொண்டுவர வேண்டும், விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும்.

இனி உங்கள் கணவருக்கும் கொழுந்தனாருக்கும் ஒரு வார்த்தை. "அங்கே யாரும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் கண்ணில் படவில்லை என்பதுதான் சரி. திருடிய வண்டியைக் கொஞ்ச நேரம் ஒதுக்குப்புறமாக விட்டுவிட்டு, தூரத்திலிருந்து நோட்டம் பார்ப்பது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். டிராக்கர் இருந்தால் சொந்தக்காரன் தேடி வருவான், வராவிட்டால் வண்டி சுத்தம் என்று கணக்கு.

எங்கள் பக்கத்தில் ஒரு முட்டை வியாபாரியின் பிக்கப் வண்டி இப்படித்தான் போனது. டிராக்கரை நான்தான் பொருத்தியிருந்தேன். திருடியவன் விவரமானவன். வண்டியை நிறுத்தியதும் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டான், டிராக்கர் இருந்தால் செத்துவிடும் என்று. ஆனால் கருவிக்குள் தனியாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று வியாபாரியின் போனுக்கு உடனே செய்தி வந்தது, தொப்பூர்ப் பக்கம் புள்ளியும் காட்டியது. ராத்திரியோடு ராத்திரியாக என்னைக் கூப்பிட்டு, ஆள் நாலு பேரோடு கிளம்பட்டுமா என்றார். 112-ஐக் கூப்பிடுங்கள், எப்.ஐ.ஆர். நம்பரைச் சொல்லுங்கள், ஆப்பில் லைவ் லிங்க் எடுத்து எஸ்.ஐ. போனுக்கு அனுப்புங்கள், பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றேன். போலீஸ் போனபோது மூடிக் கிடந்த ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால், தார்ப்பாய் போர்த்திய வண்டி. முன் நம்பர் பிளேட்டைக் கழற்றியாயிற்று. பக்கத்துக் கொட்டகையில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள், கைக்கெட்டும் தூரத்தில் வீச்சரிவாள். நம் வியாபாரி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் வீட்டம்மா இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்.

இன்னொன்று. வேனுக்குள் உங்களுடையது அல்லாத பை, மூட்டை, கத்தி எது இருந்தாலும் தொடாதீர்கள், தூக்கி எறியாதீர்கள். திருட்டு வண்டியை ஆடு திருடவும், ரேஷன் அரிசி, கஞ்சா கடத்தவும் பயன்படுத்துகிறார்கள். அது கிடந்த இடத்திலேயே போலீஸ் பார்ப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. இடையில் ஏதாவது அபராதச் சலான் விழுந்திருந்தால், எப்.ஐ.ஆர். நகலை வைத்து ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் திருட்டைச் சொன்னீர்களா? வண்டி கிடைத்துவிட்டதே என்று விடாதீர்கள். விரிவான பாலிசி என்றால் உடைந்த பூட்டு, அறுத்த இக்னிஷன் வயர், கழற்றிய பாகம் எல்லாவற்றுக்கும் கேட்கலாம். ஆனால் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள். கிளெய்ம் எடுத்தால், எடுக்காத வருஷத்துக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போகும். செலவு சின்னது என்றால் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: கார் திருடு போனதும் முதல் வேலையாக பாஸ்டேக்கை முடக்கச் சொல்கிறார்கள். சரியா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: அவசரப்படாதீர்கள். திருடன் அதைக் கிழித்துப் போடாமல் இருந்தால், ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் பணம் பிடித்த செய்தி உங்கள் போனுக்கு வரும். விக்கிரவாண்டியில் பிடித்து, அப்புறம் செங்குறிச்சியில் பிடித்தால் வண்டி திருச்சிப் பக்கம் போகிறது என்று பச்சைக் குழந்தைக்கும் புரியும். அந்த நேரத்தை வைத்துச் சாவடி கேமராவில் ஓட்டியவன் முகத்தையும் தேடலாம். நூறு இருநூறு ரூபாய் போனால் போகட்டும். போலீஸிடம் சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகு முடக்குங்கள்.

கேள்வி: டிராக்கரை எங்கே ஒளித்து வைப்பது? கடைக்காரர் ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினாலே போதும் என்கிறார். (வாசகர், ஆத்தூர்)

பதில்: அவர் சொல்வது, மெக்கானிக் கருவியை இணைத்துக் கோளாறு பார்க்கும் ஓ.பி.டி. போர்ட்டில் சொருகுகிற வகை. பொருத்த ஒரு நிமிஷம், பிடுங்க ஒரு நொடி. இந்தக் காலத்துக் கார் திருடன் சாவியைக் கம்ப்யூட்டரில் புதிதாகப் பதிவதற்கே அந்த போர்ட்டில்தான் கை வைக்கிறான். அங்கே டிராக்கரை வைப்பதும் அவன் கையிலேயே கொடுப்பதும் ஒன்றுதான்.

கருவிக்கு வானம் தெரிய வேண்டும். செயற்கைக்கோள் சமிக்ஞை கண்ணாடி, பிளாஸ்டிக், துணி வழியாக வரும், தகடு வழியாக வராது. அதனால் மீட்டருக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டிய பகுதி, பின் கண்ணாடியை ஒட்டிய பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே, இப்படி இடம் பார்ப்பேன். என்ஜின் அறை வேண்டவே வேண்டாம், சூடும் தண்ணீரும் கொன்றுவிடும்.

நல்ல வேலையா என்பதை வயரைப் பார்த்தே சொல்லிவிடலாம். கம்பெனி வயரிங்கின் மேல் சுற்றியிருப்பது கறுப்புத் துணி டேப். நாமும் அதையே சுற்றி, கம்பெனிக் கட்டோடு சேர்த்தே கொண்டுபோக வேண்டும். பளபளக்கும் பி.வி.சி. டேப்பும் சிவப்பு வயரும் தனியாகத் தொங்கினால், டார்ச் அடிக்கிறவனுக்கு அதுவே வழிகாட்டி. கருவியில் மினுக்கும் எல்.இ.டி. விளக்கின் மேலும் டேப்பை ஒட்டிவிடச் சொல்லுங்கள். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, இருட்டில் பச்சையாக மின்னிக்கொண்டிருக்கும். லைனில் பியூஸ் இல்லாமல் நேராகப் பேட்டரியிலிருந்து இழுத்தால் அந்த ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: தொலைந்த பொருளைத் தேட ஆப்பிள் விற்கும் ஏர்டேக் வில்லை ஒன்றைக் காருக்குள் போட்டுவிட்டால் போதாதா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: தம்பி, ஏர்டேக்கில் ஜி.பி.எஸ். கிடையாது, சிம்மும் கிடையாது. அது புளூடூத்தில் குரல் கொடுக்கும். பக்கத்தில் போகிற ஏதாவது ஓர் ஆப்பிள் போன் அதைக் கேட்டு இடத்தைச் சொல்லும். சென்னை அண்ணா சாலையில் பிரமாதமாக வேலை செய்யும். கல்வராயன் மலை அடிவாரத்தில் யார் ஐபோனோடு நடக்கிறார்கள்? மேலும், ஆளுக்குத் தெரியாமல் பின்தொடரக் கூடாது என்பதற்காக, தெரியாத ஏர்டேக் கூடவே வந்தால் ஐபோனிலும் ஆண்ட்ராய்டு போனிலும் எச்சரிக்கை வரும்படி செய்திருக்கிறார்கள். திருடன் போனுக்கும் அது வரும். ஒரிஜினல் டிராக்கரோடு துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வயர் இல்லாததால் தேடுகிறவனுக்கு லேசில் அகப்படாது. தனியாக அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: போனிலிருந்தே என்ஜினை நிறுத்தும் வசதி இருக்கிறதாம். திருடன் ஓட்டும்போதே நிறுத்திவிடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கூடாது. ரிலே என்கிற மின் சுவிட்ச் வைத்து பெட்ரோல் பம்பை வெட்டுவதுதான் அந்த வசதி. ஓடுகிற வண்டியில் என்ஜின் நின்றால் ஸ்டியரிங் இறுகும், பிரேக் பூஸ்டரும் ஓரிரு மிதிக்கு மேல் உதவாது. நாற்கரச் சாலையில் பின்னால் வருகிறவர் என்ன பாவம் செய்தார்? வண்டி நின்று இக்னிஷன் அணைந்த பிறகு, திரும்ப ஸ்டார்ட் ஆகாதபடி வெட்டும் வகையை மட்டும் போடுங்கள். மலிவான ரிலேக்கள் தானாகவே பழுதாகி உங்களையே நடுரோட்டில் நிறுத்துவதையும் பட்டறையில் பார்க்கிறேன்.

கேள்வி: என் காரைத் தெரிந்தவர் மூலம் ஒருவருக்கு இரண்டு நாள் வாடகைக்குக் கொடுத்தேன். அவர் டிராக்கரைப் பிடுங்கிவிட்டு வேறோர் ஊரில் அடகு வைத்துவிட்டார். இன்சூரன்ஸில் திருட்டு இல்லை என்கிறார்கள். (வாசகர், கோவை)

பதில்: சாவியை நீங்களே கையில் கொடுத்திருக்கிறீர்கள். சட்டத்தில் இதை நம்பிக்கை மோசடி என்ற கணக்கில்தான் பார்ப்பார்கள், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவு. புகாரை அந்த வழியில் கொடுங்கள். வாடகை பேசிய வாட்ஸ்அப், பணம் வந்த கணக்கு, டிராக்கர் கடைசியாகக் காட்டிய இடம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். டிராக்கர் பதிவு கோர்ட்டில் செல்லுபடியாக வேண்டுமானால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், கருவி விற்ற கம்பெனியிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அடகு பிடித்தவரிடம் நேரில் போய்ப் பணம் பேசாதீர்கள். உங்களுடையது வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கான வண்டி என்றால் இன்சூரன்ஸ் பக்கம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வாடகைக்கு விடும் செல்ப் டிரைவ் கார் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு இருக்க வேண்டும்.

கேள்வி: மனைவியின் ஸ்கூட்டியில் அவருக்குத் தெரியாமல் டிராக்கர் வைக்க முடியுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: என் பட்டறையில் முடியாது.

கேள்வி: டிராக்கர் போட்டு வருஷக்கணக்காகிறது. வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், கரூர்)

பதில்: இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும். திருடு போன அன்றைக்கு ஆப்பைத் திறந்து, போன தீபாவளிக்கு நின்ற இடத்தையே காட்டுகிறது என்று தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும். கருவிக்குள் இருப்பது ஒரு சிம். அதன் வேலிடிட்டி முடிந்தால் செயற்கைக்கோள் இடத்தைச் சொன்னாலும் வெளியே சொல்ல ஆளில்லை. விலை குறைந்த பல டிராக்கர்கள் இன்னும் 2ஜியில் ஓடுபவை. அவற்றில் ஜியோ சிம் போட்டால் எடுக்கவே எடுக்காது, ஜியோவுக்கு 2ஜி கிடையாது. மாதம் ஒரு முறை வண்டியைத் தெருமுனை வரை ஓட்டி, ஆப்பில் புள்ளி நகர்கிறதா என்று பாருங்கள். தரையடிப் பார்க்கிங்கில் நின்று பார்த்துவிட்டுக் கருவி கெட்டுவிட்டது என்று சொல்லாதீர்கள், அங்கே கடைசியாகத் தெரிந்த இடம்தான் வரும். வெளியே வந்தும் பழைய தேதியே காட்டினால் முதலில் ரீசார்ஜ், அப்புறம் பியூஸ். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் எலக்ட்ரீஷியனைத் தேடுங்கள்.